ஆயிரத்து இருநூறு துருவிகளும் ஒரு முத்திரையும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருந்த கஜபதிக்கு, பாங்க் என்பது பணம் இருக்கிற இடம் என்று நெடுநாளாக ஒரு நினைப்பு இருந்தது. அறுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதத்தில் அந்த நினைப்பைக் கிழக்குக் கரை பாங்க்கின் கிளை மானேஜர் பரந்தாமன் சுத்தமாகத் துடைத்து எடுத்தார். பரந்தாமன் கெட்ட மனிதரல்ல. சொல்லப்போனால் அவரைவிட நேர்மையான ஆள் அந்த வட்டாரத்தில் கிடைப்பது கஷ்டம். தொல்லையே அங்கேதான் ஆரம்பித்தது.

மண்ணூர்பேட்டைக்காரரான கஜபதி செய்தது தேங்காய்த் துருவி. தரையில் போட்டு உட்கார்ந்து துருவுகிற சாதாரணச் சாமான் அல்ல. மேசை விளிம்பில் திருகி மாட்டிக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். சமையல்கட்டில் மேசை போட்ட வீடு அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை தேடினாலும் பத்து தேறாது என்பதை, துருவியைச் செய்து முடித்த பிறகுதான் கஜபதி யோசித்தார். நல்ல வேளையாக, பினாங்கில் இரும்புக்கடை வைத்திருந்த மீரா லெப்பை அதைக் கண்டு மயங்கினார். முதலில் ஐம்பது வாங்கிப் பார்த்தவர், அடுத்து ஆயிரத்து இருநூறு கேட்டு எழுதினார். மார்ச் இருபத்தெட்டாம் தேதிக் கப்பலில் சரக்கு ஏறிவிட வேண்டும், தவறினால் ஹாங்காங் துருவி வந்து இறங்கிவிடும், அப்புறம் இது வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்.

கஜபதி சேக்காட்டில் மனைவி தாயம்மா பேரில் இருந்த மனையை விற்றுப் பழைய பிரஸ் மிஷின் ஒன்று வாங்கிப் போட்டார். புருஷனும் பெண்ஜாதியும் நாலு ஆட்களுமாக ராப்பகல் பாராமல் அடித்து, ஆயிரத்து இருநூறையும் வைக்கோல் சுற்றி நாற்பது பெட்டிகளில் அடுக்கினார்கள். கப்பல் தவறினால் அந்தப் பெட்டிகளைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும். பிரஸ் மிஷினும் கூடவே போகும்.

பாக்கி இருந்தது ஒரே ஒரு வேலை. லெப்பையின் பணத்தை எடுத்து வைத்திருக்கிறோம், கப்பலில் ஏற்றிய சீட்டைக் காட்டினால் கொடுத்துவிடலாம் என்று பினாங்கு பாங்க் ஒரு கடிதம் எழுதும். பணம் உண்டு என்பதை உறுதி செய்து, அம்பத்தூர் கிளை அதன்மேல் வட்டமாக ஒரு முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாத சரக்கைத் துறைமுகத்துக்குள் விட மாட்டார்கள். ஒரு முத்திரை குத்த எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று கஜபதி நினைத்தார். மனுஷன் அதிகம் படிக்காதவர்.

பினாங்குக் கடிதம் வந்துவிட்டது என்று தகவல் வந்த அன்று, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு ஒரு துருவியும் அரை மூடித் தேங்காயும் எடுத்துக்கொண்டு போனார். சரக்கு எப்படி என்று மானேஜர் கேட்டால் காட்ட வேண்டாமா? கேட்கும் வரை பொறுக்கவும் இல்லை. மானேஜரின் மேசையிலேயே திருகி மாட்டிச் சுற்றிக் காட்டினார். தேங்காய்ப்பூ பேரேட்டின் மேல் உதிர்ந்தது.

பரந்தாமன் சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எடுத்துடுங்க, மிஸ்டர் கஜபதி. சரக்கை நாங்க பார்க்கக் கூடாது."

"நல்ல சரக்கு சார். சும்மா ஒரு தபா பாருங்க."

"நல்லதா கெட்டதாங்கறது பாங்க்குக்குச் சம்பந்தமில்லாத விஷயம். எங்களுக்குக் காகிதம்தான் எல்லாம். காகிதத்துல துருவின்னு இருந்தா அது துருவி. பெட்டிக்குள்ள நீங்க செங்கல் வெச்சு அனுப்பினாலும் எங்க வரைக்கும் அது துருவிதான்."

"செங்கல்லு இன்னாத்துக்கு சார் வெக்கப்போறேன்?" கஜபதிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வெக்கச் சொல்லலே. வெச்சாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லேன்னு சொல்றேன்."

அப்புறம் மணியடித்துப் பியூனைக் கூப்பிட்டு, இரும்புப் பெட்டியிலிருந்து கடிதத்தை வரவழைத்தார். அதை மேசையில் வைப்பதற்குமுன் தேங்காய்ப்பூவைக் கைக்குட்டையால் துடைத்தார். கஜபதி கையை நீட்டியதும் கடிதம் நாலு அங்குலம் பின்வாங்கியது. உங்களுக்காக வந்த கடிதம்தான், ஆனால் உங்களுக்கு வந்ததல்ல என்று விளக்கினார்.

"சரி சார், நீங்களே படிச்சு சொல்லுங்க. துட்டு கீதா?"

"இருக்குன்னு சொல்லியிருக்காங்க."

"அப்ப கீது."

"சொல்லியிருக்காங்க. இருக்குன்னு நாங்க இன்னும் சொல்லலே."

"நீங்க சொல்றதுக்கு இன்னா சார் பண்ணணும்?"

பரந்தாமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இந்தக் கேள்விக்காக இருபது வருஷம் காத்திருந்தவரின் சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. லெப்பையிடம் பணம் இருப்பதாகப் பினாங்கு பாங்க் சொல்கிறது. பினாங்கு பாங்க் நாணயமானதா என்பதை யார் சொல்வது? லண்டனில் ஒரு பாங்க்கைக் கேட்க வேண்டும். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

லண்டனிலிருந்து பதில் வரப் பதினெட்டு நாள் ஆயிற்று. அதற்குள் கஜபதி எட்டு முறை வந்து போய்விட்டார். ஒன்பதாவது முறை பரந்தாமன் எழுந்து நின்று கை கொடுத்தார்.

"ரொம்ப உயர்வான பதில் வந்திருக்கு. எங்க தலைமை ஆபீஸ்ல இதைப் படிச்சுட்டு ரெண்டு பேர் பாராட்டியிருக்காங்க. கேளுங்க. 'மேற்படி பாங்க் மரியாதைக்குரியது என்று கருதப்படுகிறது. வழக்கமான காரியங்களுக்குப் போதுமானது என்று நம்பப்படுகிறது. இது ரகசியமாகத் தரப்படும் கருத்து. இதற்கு எங்களுக்கோ எங்கள் அதிகாரிகளுக்கோ எவ்விதப் பொறுப்பும் இல்லை.'"

கஜபதிக்குப் பாதி சந்தோஷம் வந்தது. மீதி வரலாமா என்று தெரியாமல் நின்றது.

"அப்ப குத்திடலாமா சார் முத்திர?"

"எப்படிங்க? பொறுப்பில்லேன்னு சொல்லிட்டாங்களே."

"நல்ல பதிலுன்னு சொன்னீங்களே சார்."

"பதில் ரொம்ப நல்ல பதில். ஒரு வார்த்தைக்குக்கூட யாரையும் பிடிக்க முடியாது பாருங்க. அதுக்காக அதை நம்பிட முடியுமா?"

மார்ச் பதினெட்டாம் தேதி, யாரும் எதிர்பாராத ஒரு காரியம் நடந்தது. தங்கை மகள் கல்யாணத்துக்கு நாகூர் வந்திருந்த மீரா லெப்பை, சரக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க நேரிலேயே பட்டறைக்கு வந்துவிட்டார். நடந்ததைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். தாயம்மா போட்ட வஞ்சிர மீன் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு, "வாங்க தம்பி, நானே வந்து சொல்றேன்" என்று கிளம்பினார். பணம் வைத்திருப்பவரையே கூட்டிக்கொண்டு போகிறோம், இனி என்ன கவலை என்று கஜபதி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

பரந்தாமன் லெப்பையை உட்காரச் சொல்லவில்லை. அவர் நின்ற இடத்தையும் பார்க்கவில்லை. கஜபதியைப் பார்த்து மட்டும் பேசினார்.

"இவரோட நான் பேசறதுக்கு முறையில்லே. இவர் காகிதம் இல்லையே."

"மனுசன் சார் அவரு. பினாங்குலேர்ந்து வந்து கீறாரு."

"அதைத்தான் சொல்றேன். இவர்தான் அவர்ங்கறதுக்கு யார் சாட்சி? பினாங்கு பாங்க் சாட்சி. பினாங்கு பாங்க்குக்கு யார் சாட்சி? அங்கேதானே நிக்கறோம்?"

லெப்பைக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. "பணம் இருக்கான்னுதானே உங்க சந்தேகம்? இந்தா பாருங்க" என்று இடுப்பிலிருந்த பச்சை பெல்ட்டைத் தளர்த்தி, ஒரு கத்தை மலேசிய நோட்டை மேசையில் வைத்தார்.

அடுத்த கணம் பரந்தாமன் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் நின்ற பியூன் முனியனும் அனுபவசாலி. அவனும் பொத்திக்கொண்டான்.

"எடுக்கச் சொல்லுங்க! வெளிநாட்டு நோட்டை நான் பார்த்தா, பார்த்ததுக்கு ஏழு படிவம் நிரப்பணும். ரிசர்வ் பாங்க்குக்கு எழுதணும். நான் பார்க்கலே. முனியா, நீயும் பார்க்கலே."

"பார்க்கல சார்" என்றான் முனியன் விரலிடுக்கு வழியாகப் பார்த்தபடி.

ஒருவரிடம் பணம் இருக்கிறதா என்று ஒரு மாதமாக இரண்டு கண்டங்களில் விசாரித்துக்கொண்டிருந்த ஸ்தாபனம், அந்தப் பணம் மேசைமேல் வந்து உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டது. கஜபதிக்கு அழுகைதான் வந்தது. வெளியே வந்து லெப்பை அவர் தோளைத் தட்டினார். "தம்பி, நான் பணம் தர்றவன். கப்பல் என் பேச்சைக் கேக்காது. எப்படியாவது ஏத்திடுங்க" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்.

இருபத்து மூன்றாம் தேதி காலையில் முனியன் சைக்கிளில் பட்டறைக்கே வந்து கஜபதியைக் கூட்டிப்போனான். மானேஜர் அறைக் கதவு சாத்தப்பட்டது. பரந்தாமன் குரலைத் தாழ்த்தினார்.

"பரம ரகசியம். லண்டன்காரங்க சிங்கப்பூர்ல கேட்டாங்க. சிங்கப்பூர்ல, லெப்பையோட நேரடியா வியாபாரம் பண்ணின ஒரு ஆள் அம்பத்தூர்ல இருக்கறதாத் தெரியுது, அவர் கருத்தை வாங்கி அனுப்புங்கன்னு எங்க தலைமை ஆபீஸுக்குத் தந்தி அடிச்சிருக்காங்க. தலைமை ஆபீஸ் எனக்கு அனுப்பியிருக்கு. அந்த ஆள் நீங்கதான்."

"நானா?"

"இந்த விசாரணை நடக்கறது கஜபதிங்கறவருக்குத் தெரியக் கூடாதுன்னு மேல எழுதியிருக்கு. அதனால நான் உங்ககிட்ட சொல்லலே. நீங்க கருத்தை மட்டும் சொல்லுங்க."

கஜபதிக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. லெப்பையைப் பற்றிச் சொல்வதற்கு அவரிடம் விஷயம் இருந்தது. போன வருஷம் ஐம்பது துருவி அனுப்பிய பெட்டியில், எண்ணிக்கை தவறி ஐம்பத்திரண்டு போய்விட்டது. கஜபதிக்கே அது தெரியாது. கூடுதலாக வந்த இரண்டுக்கும் விலையைக் கணக்குப் போட்டு, ஊருக்கு வந்த ஒரு ஆளிடம் லெப்பை கொடுத்தனுப்பினார். பரந்தாமன் இதைக் கேட்டுக்கொண்டே இங்கிலீஷில் எழுதினார். எழுதி முடித்து, கடைசியில் ஒரு வரியைத் தானாகவே சேர்த்துக்கொண்டார்.

"அது இன்னா சார் கடேசில?"

"வழக்கமான வரிதான். 'இதற்கு நான் எந்தப் பொறுப்பும் ஏற்க முடியாது.'"

"அத்த எடுத்துடுங்க சார்."

"என்னது?"

"நல்லவருன்னு நான்தானே சொல்றேன்? அப்ப நான்தானே பொறுப்பு?"

பரந்தாமனின் பேனா அந்தரத்தில் நின்றது. அப்படி ஒரு வாக்கியத்தை அவர் தம் உத்தியோக வாழ்க்கையில் கேட்டதில்லை. எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அந்த வரி இல்லாத கருத்து சட்டை போடாமல் வெளியே போகிற மாதிரி என்றார். யோசித்துவிட்டு நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

வீட்டில் தாயம்மாவிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான். "நல்லவருன்னும் சொல்லணும், பொறுப்பும் இல்லன்னா, அப்பால இன்னாத்துக்குய்யா வாயத் தொறக்கிறது?"

"அதான் நானும் கேட்டேன்."

"அந்த ஆளு துட்டு தரலன்னா இன்னா பண்ணுவே?"

கஜபதி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "தருவாரு" என்றார்.

"அப்ப அப்டியே எய்து. மனையும் பூட்ச்சு, நம்ம வார்த்தையாவது நம்மளுதா இருக்கட்டும்."

இருபத்து நாலாம் தேதி கையெழுத்துப் போட்ட கடிதம் பாரிமுனைத் தலைமை ஆபீஸுக்குப் போயிற்று. 'இதற்கு நானே பொறுப்பு' என்று முடியும் கடிதம். மறுநாள் பதினொரு மணிக்குக் கிளை வாசலில் கறுப்பு அம்பாசிடர் கார் வந்து நின்றது. வெளிநாட்டுப் பிரிவின் மேலதிகாரியே இறங்கினார். கையில் கடிதத்தை நுனியில் பிடித்திருந்தார். கஜபதியை வரவழைத்து எதிரே உட்காரவைத்து, அவரை ஒரு நிமிஷம் மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கு உடம்பு ஒண்ணும் இல்லையே?"

"நல்லா கீறேன் சார்."

"எங்க பாங்க்குக்கு எண்பத்து மூணு வயசு. பஞ்சம் வந்தது, ரெண்டு உலக யுத்தம் வந்தது, பக்கத்துல எத்தனையோ பாங்க் மூடிப்போச்சு. நாங்க மட்டும் எப்படி நின்னோம் தெரியுமா? ஒரு நாள்கூட, ஒரு விஷயத்துக்குக்கூட, நாங்க பொறுப்பு ஏத்துக்கிட்டதில்லே! எங்க ஸ்தாபகர் படத்துக்குக் கீழே அதைத்தான் வேற வார்த்தையில எழுதி வெச்சிருக்கோம். ஜனங்க எங்களை நம்பறாங்க. நாங்க பதிலுக்கு யாரையும் நம்பறதில்லே. இந்த ரெண்டும் சேர்ந்ததுதான் பாங்கிங். இதுல திடீர்னு ஒருத்தர் நானே பொறுப்புன்னு எழுதினா, அதை எந்த ஃபைல்ல வைக்கறது?"

பரந்தாமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேச்சு அவ்வளவு நன்றாக இருந்தது.

"சார், மூணு நாளுதான் கீது" என்றார் கஜபதி.

மேலதிகாரி கடிதத்தை மறுபடி படித்தார். மெல்ல மெல்ல அவர் முகம் தெளிந்தது. பரந்தாமனைப் பார்த்தார். பரந்தாமன் அவரைப் பார்த்தார். இவர் பொறுப்பு என்றால், சிங்கப்பூருக்குப் பொறுப்பில்லை. சிங்கப்பூருக்கு இல்லை என்றால் லண்டனுக்கு இல்லை. லண்டனுக்கு இல்லாதது அம்பத்தூருக்கு எப்படி வரும்?

"மிஸ்டர் கஜபதி, லெப்பை பணம் தராட்டா நீங்க தருவீங்கன்னு எடுத்துக்கலாமா?"

"யாருக்கு சார்?"

"சரக்கு அனுப்பினவருக்கு. அதாவது உங்களுக்கு."

"என் துட்ட எனக்கே நான் குடுத்துக்கணுமா?"

"அதுக்கு ஒரு படிவம் இருக்கு" என்றார் மேலதிகாரி அன்பாக.

அன்றே சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் தந்திகள் பறந்தன. எல்லா ஊரிலும் பெருமூச்சு விட்டார்கள். லெப்பையிடம் பணம் இருப்பது ஐயத்துக்கு இடமின்றி உறுதியாயிற்று. கருத்து சேகரித்த வகையில் மூன்று பாங்க்குகளுக்கும் சேர்த்துக் கஜபதி கட்டணம் கட்டினார். அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்வதற்கு அறுபத்தெட்டு ரூபாய் என்று ரசீது வந்தது.

இருபத்தேழாம் தேதி மத்தியானம் பட்டறை வாசலில் லாரி நின்றது. நாற்பது பெட்டிகளும் ஏறிவிட்டன. சாயங்காலம் ஐந்து மணிக்குத் துறைமுகக் கதவு அடைத்துவிடுவார்கள். கஜபதி முத்திரை வாங்கக் கிளம்பும்போது, எதிரே பரந்தாமனே ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். பின்னால் முனியன் முத்திரைக் கட்டையும் மைப்பெட்டியும் தூக்கிக்கொண்டு வந்தான். மானேஜர் பட்டறைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. துருவிகள் கண்ணில் படாதிருக்கத் தலையைக் குனிந்தபடியே வந்து ஒரு காலிப் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"பினாங்கு பாங்க்லேர்ந்து இப்பத்தான் தந்தி வந்தது. எங்களை எல்லாம் விசாரிச்சீங்களே, உங்க அம்பத்தூர் கிளை நாணயமானதான்னு யார் சொல்றதுன்னு கேக்கறாங்க. எண்பத்து மூணு வருஷத்துல எங்களை யாரும் இப்படிக் கேட்டதில்லே!" கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெக்கார்டுல இருக்கற ஒரு வெளி ஆள் கருத்துக் கொடுத்தா போதும்னிருக்காங்க. ரெக்கார்டுல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. நீங்க எழுதிக் கொடுத்தா இங்கேயே குத்திடறேன்."

பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த தாயம்மா நிமிர்ந்து பார்த்தாள். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். கஜபதி கையில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கை லுங்கியில் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கினார். மானேஜரைப் பற்றிப் பொய் எழுத அவருக்கு மனசு வரவில்லை. நிஜம் எழுதினால் கப்பல் போய்விடும். பேனா நுனியைக் காகிதத்தில் வைத்தபடி ஒரு நிமிஷம் நின்றார். பிறகு தமிழிலேயே மளமளவென்று எழுதி நீட்டினார்.

பரந்தாமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'மேற்படி பாங்க் மரியாதைக்குரியது என்று கருதப்படுகிறது. வழக்கமான காரியங்களுக்குப் போதுமானது என்று நம்பப்படுகிறது. இதற்கு நான் எந்தப் பொறுப்பும் ஏற்க முடியாது.'"

இன்னொரு தடவை மனசுக்குள் படித்தார். எழுந்து கஜபதியின் எண்ணெய்க் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை நாள் உங்களோட நான் பட்ட பாடு வீண் போகலே, மிஸ்டர் கஜபதி. இப்பத்தான் முறையா எழுதியிருக்கீங்க. எங்களைப் பத்தி இதைவிட உயர்வா யாரும் சொல்ல முடியாது!"

முனியன் மைப்பெட்டியைத் திறந்தான். பரந்தாமன் சட்டைப்பையிலிருந்து பினாங்குக் கடிதத்தை எடுத்து விரித்து, அதன்மேல் முத்திரையை ஓங்கிக் குத்தினார். கஜபதி ஈரம் காயாத அந்தக் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப்போய் லாரியில் தொற்றிக்கொண்டார். லாரி தொழிற்பேட்டை ரோட்டைத் தாண்டித் திரும்பும் வரை மானேஜர் கையை ஆட்டிக்கொண்டே நின்றார். தாயம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கயிற்றுச் சுருளைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு பட்டறைக்குள் போய்விட்டாள்.